தொலைக்காட்சியும் குழந்தைமையும்: இணுவிலை முன்னிறுத்திய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1. பிரச்சினையின் இயல்பு

தொலைக்காட்சி குழந்தையை வளர்க்கின்றதா, கெடுக்கின்றதா என்னும் வினா நமது சூழலிற் பெரும்பாலும் ஓர் ஒழுக்கவியல் வினாவாகவே எழுப்பப்படுகின்றது. பாடசாலை விழா மேடைகளிலும் பத்திரிகைப் பத்திகளிலும் அதற்குத் தரப்படும் விடையும் ஏறத்தாழ ஒன்றே. பெட்டியை அணைத்துவிட்டாற் பிள்ளை திருந்திவிடும்; அணைக்க வேண்டியவள் தாய்; அணைக்காவிடிற் குற்றம் அவளுடையது. இவ்விடை எளிமையானது. ஆனால் பெட்டியை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்த பொருளாதாரத்தையும், தாயைப் பிள்ளையின் அருகிலிருந்து அகற்றிய உழைப்பு உறவுகளையும் அது பார்வையிலிருந்து மறைத்துவிடுகின்றது.

றேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் வெளியிட்ட தொலைக்காட்சி பற்றிய நூலில், தொழில்நுட்பம் தானாகத் தோன்றிச் சமூகத்தை மாற்றுகின்றது என்னும் கருத்தை மறுத்தார். சாதனம் ஒரு சமூகத் தேவையின் விளைவாகவே தோன்றுகின்றது. குறித்த உறவுகளின் கீழேயே பயன்படுகின்றது. இலக்கியத்தைச் சமூக வரலாற்றுடன் இணைத்து நோக்கும் எமக்கு இது புதிய செய்தியன்று. எனினும், குழந்தை என்று வந்ததும் முற்போக்கு வாசகரும் இதனை மறந்துவிடுவதுண்டு. ‘குழந்தை’ வர்க்கத்துக்கும் காலத்துக்கும் அப்பாற்பட்டது என்னும் எண்ணம் அத்துணை ஆழமானது.

இணுவில் இதனை ஆராய்வதற்குப் பொருத்தமான களமாகும். காங்கேசன்துறை வீதியிற் கோண்டாவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையே அமைந்த இக்கிராமத்துக்குத் தொலைக்காட்சி இருமுறை வந்தது. 1980களில் வந்து வேரூன்றத் தொடங்கிய அச்சாதனம், 1990இல் மின்சாரம் அற்றதுடன் நின்றுபோய், போரின் இடைவெளிகளிலே மீண்டும் வந்து சேர்ந்தது. இரண்டு வருகைகளின்போதும் பெட்டி ஏறத்தாழ ஒன்றே. அதனைச் சூழ்ந்திருந்த சமூகம் ஒன்றன்று. அவ்வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

2. பெட்டிக்கு முந்திய குழந்தைமை

குழந்தையின் தொடக்கக்கால வளர்ச்சி பற்றிய நமது மரபறிவு பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்திற் படிந்துகிடக்கின்றது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் முதல் ஏழு பருவங்களும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொதுவானவை. தலையெடுத்து அசைதல், கைகொட்டல், நடந்து வருதல் என உடல் வளர்ச்சியின் படிகளை அவை வரிசைப்படுத்துகின்றன. இவற்றை வெறும் உடற்கணக்காகக் கொள்ளுதல் போதாது. ஒவ்வொரு பருவத்திலும் ஒருவர் அழைக்கின்றார், பிள்ளை மறுமொழி தருகின்றது. கைகொட்டு என்பவர் உண்டு. வா என்பவர் உண்டு. நிலவைக் காட்டும் விரல் உண்டு. அழைப்பவர் இல்லாத பருவம் ஒன்றேனும் இல்லை.

சோவியத் உளவியலாளர் விகோட்ஸ்கி (1896–1934) கூறியதும் இதுவே. குழந்தையின் உயர் உளச்செயல்கள் யாவும் முதலில் மனிதருக்கிடையே நிகழ்ந்து, பின்னரே குழந்தையின் உள்ளே குடிகொள்கின்றன. மொழி அவ்வாறே கைவருகின்றது. கவனமும் நினைவும் அவ்வாறே. ஆகவே, குழந்தை வளர்ச்சி என்பது பிறர் அதன்மீது செலவிடும் உழைப்பின் விளைபொருள் எனலாம். கூலி பெறாத, கணக்கில் ஏறாத, பெரும்பாலும் பெண்களாற் செய்யப்படும் உழைப்பு அது.

இணுவிலில் அவ்வுழைப்பு எவ்வாறு ஒழுங்கமைந்திருந்தது? செம்மண்ணிற் கிணற்றுநீர் இறைத்துப் புகையிலை, வெங்காயம், மரக்கறி விளைவிக்கும் கமக்காரக் குடும்பங்கள், சுருட்டுத் தொழிலாளர், கோயிலைச் சூழ்ந்து வாழ்ந்த நாதஸ்வர, தவிற் கலைஞர் குடும்பங்கள். வீடும் வேலைத்தலமும் பிரியாத வாழ்க்கையிற் பிள்ளை வேலையின் அருகிலேயே வளர்ந்தது. 1933இல் இணுவிலிற் பிறந்து 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி கேட்டு வளர்ந்த முதலாவது ஒலியுலகம் தவிற்கலைஞரான தந்தையாரின் வீடே. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, ஏனையோர் கேட்டபடி சுருட்டுச் சுற்றும் வழக்கம் இருந்தமையும் இங்கு நினைக்கத்தக்கது. எழுத்தறியாப் பருவத்துப் பிள்ளைக்கு வாசிப்பு என்பது முதலிற் செவிவழியாகவே அறிமுகமாயிற்று.

இவ்வுலகைப் பொற்காலமாக்கிவிடலாகாது. கோயிற் சூழல் அளித்த இசையும் கதையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோற் கிட்டவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆலயத்தினுள் நுழையும் உரிமைக்காக மாவிட்டபுரத்திற் போராட வேண்டியிருந்த ஆண்டு 1968. இசைக்கலையும் சாதித்தொழிலாகவே கைமாறியது. கூட்டுக் குடும்பத்தின் நிழல் என நாம் போற்றுவது, பாட்டியும் மூத்த பெண்பிள்ளையும் தம் வாழ்நாளையும் படிப்பையும் ஈடாகக் கொடுத்து அமைத்த நிழல். தம்பியை இடுப்பில் வைத்திருந்த அக்காள் பள்ளிக்கூடத்தை இடைநிறுத்தியமை அக்கணக்கின் மறுபக்கம்.

மேலும், குழந்தைமையில் வெளிநிறுவனங்கள் தலையிட்டமை தொலைக்காட்சியுடன் தொடங்கவில்லை. அமெரிக்க மிஷனைச் சார்ந்து, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென இணுவிலில் 1898இல் நிறுவப்பட்ட மக்லியொட் மருத்துவமனை பிள்ளைப்பேற்றின் இடத்தையே மாற்றத் தொடங்கியது. பின்னர் இலங்கை வானொலி வந்தது. அதன் ‘சிறுவர் மலர்’ பிள்ளைகளின் குரலையே வீடுகளுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தலையீடும் பழையதில் ஒன்றை நீக்கி, புதியதொன்றைத் தந்தது. எனவே, ‘தூய’ குழந்தைமையைத் தொலைக்காட்சி குலைத்தது என்னும் வாதம் வரலாற்றுக்கு ஒவ்வாது.

3. முதலாம் வருகை

இலங்கையில் முதலில் இயங்கிய தொலைக்காட்சி வாங்கி, 1975இல் இந்தியாவின் செய்மதிக் கல்வி ஒளிபரப்புப் பரிசோதனையையொட்டிக் கொழும்பில் ஆதர் சி. கிளாக்கின் இல்லத்தில் அமைக்கப்பட்டது எனப்படும். அதே பரிசோதனை இந்தியாவின் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2400 கிராமங்களுக்கு ஓராண்டு ஒளிபரப்பியது. பள்ளிச் சிறாருக்கான நிகழ்ச்சிகளும் அதில் இடம்பெற்றன. கிராமத்துக்கு ஒரு பெட்டி, அது பொதுப்பெட்டி என்பதே அதன் அமைப்பு. தொலைக்காட்சி கூட்டாகக் கல்வி பெறும் கருவியாகலாம் என்னும் நம்பிக்கை அதன் பின்னே இருந்தது.

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்த வழி வேறு. 1977இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. 1979 ஏப்பிரலிற் சுயாதீன தொலைக்காட்சி சேவையும், 1982 பெப்ரவரியில் யப்பானிய உதவியுடன் ரூபவாஹினியும் தொடங்கின. இதே திறந்த பொருளாதாரக் கொள்கை, 1970–77 காலப்பகுதியில் இறக்குமதித் தடையினால் நன்மை பெற்றிருந்த குடாநாட்டு வெங்காய, மிளகாய்க் கமக்காரரைச் சந்தையில் வீழ்த்தியது. ஆக, இணுவிற் கமக்காரனின் வருவாயைத் தாக்கிய கொள்கையும் அவனது பிள்ளையின் முன் ஒளித்திரையை வைத்த கொள்கையும் ஒன்றே. இந்த இணைப்பைக் காணாது தொலைக்காட்சியின் ‘விளைவு’ பற்றிப் பேசுதல் அரைகுறையான ஆய்வாகும்.

ரூபவாஹினி தொடங்குவதற்கு எட்டு மாதங்களுக்கு முன், 1981 ஜூன் முதலாம் திகதியை அண்டிய இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களுடன் அதன் சிறுவர் பகுதியும் அழிந்தது. ஒன்று மற்றதற்குக் காரணமன்று. ஆயினும், ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் கண்முன் நூல் மறைந்தும் திரை ஒளிர்ந்தும் நின்ற காலம் அது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பெட்டி வீட்டுக்கு வந்ததற்குப் பணம் எங்கிருந்து வந்தது? முதலில் மத்திய கிழக்கிலிருந்தும், 1983 ஜூலையின் பின் ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்தது. தொலைக்காட்சியும் ‘டெக்’கும் பல வீடுகளில் அங்கு இல்லாத ஆண்மகனின் அடையாளமாயின. அவன் தன் பிள்ளைக்குச் செலவிட்டிருக்கக்கூடிய நேரத்தை அந்நிய நாட்டு முதலாளிக்கு விற்றான். அதன் விலையின் ஒரு பகுதி கண்ணாடித்திரையாக வீடு வந்தது. மார்க்ஸ் பண்டத்தின்மீது மனிதர் கொள்ளும் மயக்கம் பற்றிக் கூறியதை இதனினும் தெளிவாக விளக்கும் உதாரணம் கிடைத்தல் அரிது.

எனினும், இம்முதற் காலத்தின் பார்வை தனிமையானதாக இருக்கவில்லை. பெட்டிகள் சில, பார்ப்போர் பலர். ஒழுங்கை முழுதும் ஒரு வீட்டில் கூடியது. யார் உள்ளே இருந்தனர், யார் முற்றத்தில் நின்றனர் என்பது சாதிக்கணக்கைக் கடந்ததென்று கூறமுடியாது. ஆயினும் பிள்ளை பெரியோரின் மடியிலிருந்தே பார்த்தது. மொழியும் பெரிதும் அதற்கு அந்நியம். ரூபவாஹினியிற் சிங்களமே மிகுதி. உயர்ந்த கம்பங்களில் அலைவாங்கி கட்டிப் பாக்குநீரிணைக்கு அப்பாலிருந்து பிடித்த தூரதர்ஷனில் இந்தி மிகுதி. 1987இல் தொடங்கிய இராமாயணத் தொடர் இந்தியிலேயே ஒளிபரப்பாயிற்று. அருகிலிருந்த மூத்தவர் கதை சொல்லாதவிடத்து அப்படங்கள் நாலு வயதுப் பிள்ளைக்குப் பொருள்படமாட்டா. விளக்குநர் இன்றியமையாதவராக இருந்தார். திரை பிள்ளைக்கும் பெரியவருக்கும் நடுவே நிற்கவில்லை. இருவருக்கும் எதிரே நின்றது.

இக்காலத்தை அண்டியே யாழ்ப்பாணத்திற் சிறுவர் அரங்கும் எழுச்சி பெற்றது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’ 1970களின் இறுதியில் எழுந்தது. பிள்ளையைப் பார்வையாளராக இருத்தாது பங்காளியாக்கிய அவ்வரங்கு, வரவிருந்த சாதனத்துக்கு நேரெதிரான கலைக்கொள்கையை முன்கூட்டியே வகுத்துவிட்டிருந்தது எனலாம்.

4. இருண்ட ஆண்டுகள்

1990 ஜூனில் மீண்டும் மூண்ட போருடன் குடாநாட்டுக்கான மின்சாரம் அற்றது. பொருளாதாரத் தடையில் எரிபொருளும் அரிதாயிற்று. ஜாம் போத்தலில் திரியிட்ட சிக்கன விளக்கின்கீழ்ப் பிள்ளைகள் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டனர். மின்பிறப்பாக்கி கொண்டு எப்போதாவது படங்காட்டப்பட்டதேயன்றி, தொலைக்காட்சி அன்றாட வாழ்விலிருந்து நீங்கியது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது இணுவிலும் வெறுமையாயிற்று. 1996 ஏப்பிரலின் பின்னரே மக்கள் திரும்பினர். மின்சாரமும் அதன்பின் படிப்படியாகவே மீண்டது.

அப்போது பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தொலைக்காட்சியின்றி வளர்ந்த தலைமுறையினர். ‘அக்காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு வாசித்தார்கள், எவ்வளவு விளையாடினார்கள்’ என்று இன்று ஏக்கத்துடன் பேசப்படுவதைக் கேட்கிறோம். இந்த ஏக்கம் ஆபத்தானது. விமானக் குண்டுவீச்சுக்குப் பதுங்குகுழியுள் ஒளிந்த பிள்ளையின் வளர்ச்சியைத் தொலைக்காட்சி இன்மையின் நற்பேறாகக் கணித்தல் அறிவுக்கும் அறத்துக்கும் ஒவ்வாது. போர் இம்மண்ணின் உள்ளங்களிற் பதித்த வடுக்களை மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ஆய்வுநூல் ஆவணப்படுத்தியுள்ளது.

ஆயினும் ஓர் உண்மை எஞ்சுகின்றது. வேலையும் சந்தையும் முடங்கி, இரவு நீண்டு, அனைவரும் ஒரே விளக்கைச் சுற்றி இருக்க நேர்ந்தபோது, பிள்ளையுடன் கதைப்பதற்குப் பெரியவருக்கு நேரம் இருந்தது. அவ்வாண்டுகளில் நன்மையென்று ஏதாவது இருந்திருப்பின் அது பெட்டி இல்லாமையினால் வந்ததன்று. பெரியவர் இருந்தமையினால் வந்தது. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குப் பிறநாட்டு அனுபவங்கள் உதவுகின்றன.

5. பிறநாட்டுச் சான்றுகள்

மலைகளின் தடையினால் 1973 வரை தொலைக்காட்சி எட்டாதிருந்த கனடியச் சிறுநகர் ஒன்றை, அது வருவதற்கு முன்னும் வந்து ஈராண்டுகளின் பின்னும் தானிஸ் மக்பெத் வில்லியம்ஸ் குழுவினர் ஆராய்ந்தனர். முன்பு வாசிப்புச் சரளத்திலும் கற்பனை வளத்திலும் அயல் நகரங்களை விஞ்சியிருந்த பிள்ளைகள், பின்பு அந்நகரங்களின் மட்டத்துக்கே இறங்கினர். விளையாட்டிடத்தில் முரட்டுத்தனமும் கூடியது. 1986இல் நூலாக வந்த இவ்வாய்வு தொலைக்காட்சிக்கு எதிரான வலிய சான்றாகக் கருதப்படுகின்றது.

ஆனால், அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள சென் ஹெலினாத் தீவுக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தபோது, ரோனி சார்ள்ற்றன் குழுவினர் அங்கு மூன்று முதல் எட்டு வயதுவரையான பிள்ளைகளைத் தொடர்ந்து நோக்கினர். எதிர்பார்க்கப்பட்ட சீர்கேடு தென்படவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்த அயலவர், கண்காணிக்கும் வீடு, நிலையான பாடசாலை ஆகியனவே அதற்குக் காரணமென அவர்கள் விளக்கினர். சாதனம் அதே சாதனம்; சமூகம் வேறு; விளைவும் வேறு.

மிகச் சிறிய பிள்ளைகள் பற்றிய பிந்திய ஆய்வுகள் இதனை மேலும் நுணுக்கமாக்குகின்றன. 2003இல் பற்றீசியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீனமொழியைக் கேட்பித்தனர். நேரில் ஒருவர் அமர்ந்து பேசி விளையாடியபோது குழந்தைகள் அம்மொழியின் ஒலிவேறுபாட்டைப் பிரித்துணர்ந்தன. அதே பேச்சைத் திரையிற் காட்டியபோது எதனையும் கற்கவில்லை. 2009இல் குழந்தைகளின் உடையிற் பொருத்திய ஒலிப்பதிவுக் கருவிகளைக்கொண்டு நிகழ்ந்த ஆய்வில், தொலைக்காட்சி ஒலிக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பெரியவரிடமிருந்து பிள்ளை கேட்கும் சொற்கள் ஏறத்தாழ 770 குறைவதாகக் கிறிஸ்ராக்கிஸ் குழுவினர் கண்டனர். பெட்டி சொல்லும் சொல் பிள்ளையிடம் சேராததுடன், வீட்டார் சொல்லும் சொல்லையும் அது குறைத்துவிடுகின்றது.

மூன்றாவது சான்று நமக்கு மிக நெருக்கமானது. 2014இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டு வயதை அண்டிய பிள்ளைகள், திரையினூடாக நேரலையாக உரையாடியவரிடமிருந்து புதிய வினைச்சொற்களைக் கற்றனர். முன்னரே பதிவு செய்த காட்சியிலிருந்து கற்கவில்லை. ரொறன்ரோவிலிருந்து இணுவிற் பேரப்பிள்ளையுடன் கைப்பேசித் திரையில் கதைக்கும் அம்மம்மா பிள்ளை வளர்க்கும் உழைப்பைச் செய்கின்றார். அதே கைப்பேசியில் ஓடும் பாட்டுப்படம் அதனைச் செய்வதில்லை. கண்ணாடி ஒன்றே. மறுமொழி கூறும் மனிதர் உளரா என்பதே வேறுபாடு. பிள்ளைத்தமிழின் பருவ அமைப்பு நமக்கு முன்பே உணர்த்தியதும் இதுவன்றோ?

6. இரண்டாம் வருகை

2002 பெப்ரவரி யுத்தநிறுத்த உடன்படிக்கையின் பின் ஏ-9 பாதை திறந்தது. பண்டங்கள் பெருகி வந்தன. தொலைக்காட்சியும் மீண்டும் வந்தது. இம்முறை அது வீட்டுக்கு ஒன்றாக வந்தது, கேபிள் வழியாக நாள் முழுதும் ஓடியது, தமிழிலேயே பேசியது. 2007இற் சென்னையிலிருந்து தொடங்கிய சுட்டி தொலைக்காட்சி சிறுவருக்கென்றே நாளெல்லாம் தமிழில் ஒளிபரப்பிற்று. அமெரிக்காவில் ஆங்கில உரையாடலுக்கிடையே ஸ்பானிய மொழி கற்பிக்கப் படைக்கப்பட்ட டோரா, தமிழ்க் குரலில் நமது பிள்ளைகளின் தோழியானாள்.

இதனை மொழிக்கேடாக மட்டும் நோக்குவோர் உளர். பிள்ளை ‘கதைக்கிறேன்’ என்னாது ‘பேசுறேன்’ என்கின்றது என்பது அவர்தம் கவலை. வழக்குகள் கலப்பது மொழிவரலாற்றின் இயல்பு. கவலைக்குரியது பிறிதொன்று: முதல் வருகையில் அந்நிய மொழியே விளக்குநரை அவசியமாக்கியது, இரண்டாம் வருகையிற் பெட்டி தமிழ் பேசியமையால் விளக்குநர் எழுந்து போகமுடிந்தது. டோரா கேள்வி கேட்டுச் சிறிது நேரம் காத்திருக்கிறாள். பிள்ளை சொன்ன மறுமொழியை அவள் கேட்பதில்லை. அழைப்புப் போல் ஒலிப்பது அழைப்பன்று.

விளக்குநர் ஏன் எழுந்து போனார்? போர் கணவனைப் பறித்த வீட்டிற் பெண்ணே உழைப்பாளி. நுண்கடன் தவணைக்காக அவள் ஓடவேண்டியிருந்தது. பேரன் பேத்தியரைப் பார்த்திருக்கக்கூடிய மூத்தோர் பலர் புலம்பெயர்ந்துவிட்டனர். அத்தகைய பெண்ணிடம் பெட்டியை அணை என்பது, உன் பிள்ளைக்கு உள்ள ஒரே துணையை நீக்கு என்பதாகும். வசதி படைத்த வீட்டில் அணைத்துவிட்டுப் புத்தகம் எடுத்துத்தர ஒருவர் உண்டு. ஆகவே, ஒரே அறிவுரை இரு வர்க்கங்களுக்கு இரு பொருளைத் தருகின்றது. 1969இல் அமெரிக்காவில் வறிய பிள்ளைகளையும் மனங்கொண்டு தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீற்’ நிகழ்ச்சியை 1975இல் மீளாய்வு செய்தோரும், அருகிலிருந்து ஊக்குவிக்கப் பெரியோர் வாய்த்த பிள்ளைகளே மிகுந்த பயன்பெற்றனர் என்றும், ஏற்றத்தாழ்வு அதனாற் கூடவும் இடமுண்டு என்றும் எச்சரித்தனர்.

7. முடிவுரை

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல், இரண்டு வயதுக்குட்பட்டோர் திரைமுன் இருத்தலாகாது எனவும், இரண்டு முதல் நான்கு வயதினருக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலமே மேலெல்லை எனவும் கூறுகின்றது. மருத்துவ நோக்கில் இது சரியே. ஆனால் எஞ்சிய மணித்தியாலங்களில் யார் பிள்ளையுடன் இருப்பார் என்னும் வினாவுக்கு விடைகாணும் பொறுப்புச் சமூகத்துடையது.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இந்நாட்டு உழைக்கும் மக்களின் பெரும் வெற்றி. ஆனால் அரசின் பாடசாலைக் கதவு ஐந்து வயதிலேயே திறக்கின்றது. அதற்கு முந்திய ஆண்டுகள், மொழியும் கவனமும் நினைவும் உருப்பெறும் ஆண்டுகள், தாயின் கூலியற்ற உழைப்புக்கும் தனியார், சமய, தொண்டு நிறுவனங்களின் முன்பள்ளிகளுக்கும் விடப்பட்டுள்ளன. முன்பள்ளி ஆசிரியைகள் நீண்டகாலமாக ஆசிரியருக்குரிய சம்பளமின்றிச் சிறு கொடுப்பனவுடன் பணிபுரிந்து வந்துள்ளனர். பிள்ளை வளர்ப்பை உழைப்பென்று ஏற்காத சமூகம், அவ்வுழைப்பைச் செய்பவருக்கு ஊதியமும் தராது. அவ்வெற்றிடத்தை நிரப்ப முதலாளித்துவச் சந்தையிடம் மலிவான பண்டமொன்று எப்போதும் தயாராக உண்டு. முன்பு அது பெட்டி. பின்னர் அது கைப்பேசி.

இணுவிலின் இரு வருகைகளும் காட்டுவது இதுவே. திரை குழந்தையிடமிருந்து எதனையும் முதலிற் பறிப்பதில்லை. வேறெதுவோ ஏற்கெனவே பறித்துவிட்ட இடத்தில் வந்து அமர்கின்றது. ஆகவே நமது கோரிக்கை பெட்டியை அணைப்பதுடன் முடிதல் இயலாது. முன்பள்ளி, இலவசக் கல்வியின் முதற்படியாதல் வேண்டும். அங்குள்ள ஆசிரியைகள் ஆசிரியருக்குரிய ஊதியம் பெறல் வேண்டும். சனசமூக நிலையங்களும் கிராம நூலகங்களும் பள்ளிப் பருவத்துக்கு முந்திய பிள்ளைக்கும் இடமளித்தல் வேண்டும். தாய்க்கும் தந்தைக்கும் பிள்ளையுடன் இருக்க நேரம் தரும் வேலை ஒழுங்கு வேண்டும். நிலவைக் காட்டும் விரலுக்கு ஓய்வும் ஊதியமும் வேண்டும். அவை கிட்டுமாயின், மூலையில் ஒரு பெட்டி இருப்பதாற் பெருங்கேடு விளையாது.